அத்தியாயம் 5: ஐசியு வாசலில் ஒரு குடும்பம்

அப்பாவை உள்ளே கொண்டுபோய்க் கால் மணி நேரம் இருக்கும். ஐசியு கதவு பாதி திறந்தது. சிஸ்டர் ஒருவர் அப்பா பெயரைச் சொல்லி, "யாரு அட்டெண்டர்?" என்று கேட்டார். எழுந்து போனேன். ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் கொடுத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். கவருக்குள் அப்பாவின் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், பல்செட்டு, மோதிரம், வெட்டி எடுத்த அரைஞாண் கயிறு, சுருட்டி வைத்த வேட்டி சட்டை.

அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "கண்ணாடி இல்லாம அவருக்கு ஒண்ணும் தெரியாதே" என்றாள். நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் அட்வான்ஸ் கட்டும் கவுன்டரில் நின்றான். நான் துபாயில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று பதின்மூன்றாம் நாள்தான் புரிந்தது.

அப்பாவுக்கு அப்போது 71 வயது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமோனியா. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வந்து சேர்வதற்குள் கிருமி ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. மொத்தம் 23 நாள் மருத்துவமனை. அதில் 11 நாள் வென்டிலேட்டர். அந்த நாட்களில் நாங்கள் தடுமாறியதையும் கற்றுக்கொண்டதையும் வைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கட்டிலில் கிடப்பவர் யார், எப்படி வாழ்ந்தவர், எதற்குப் பயப்படுவார், எதை விரும்பமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரியும். அவர் வாய் பேச முடியாத நாட்களில் அவருக்கு வாயாக இருப்பதுதான் குடும்பத்தின் வேலை. கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் அந்த வேலையின் ஒரு பகுதி.

முதல் 24 மணி நேரம்

முதல் நாள் எல்லோரும் ஓடுவார்கள். ஒரே வேலையை நாலு பேர் செய்வார்கள், முக்கியமானதை ஒருவரும் செய்யமாட்டார்கள். இந்த ஐந்தையும் மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

1. வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் போதாது. சித்த மருந்து, லேகியம், மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கியது, எல்லாமே வேண்டும். எங்கள் அப்பா மூட்டு வலிக்காக வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் அம்மா கவரில் இருந்த சட்டையின் பையைத் துழாவியபோது பாதி தீர்ந்த அட்டை கிடைத்தது. அப்பாவின் சிறுநீரகம் ஏன் இவ்வளவு சீக்கிரம் தளர்ந்தது என்று மருத்துவர் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதில் ஒரு பதில் இருந்தது. சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் இன்னும் அதிகமாகப் பாதிக்கும்.

2. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன ஆபரேஷன் ஆனது, பீடி, சிகரெட், மது உண்டா என்பதை டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மதுப் பழக்கத்தை மறைக்கவே மறைக்காதீர்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. மானம் பார்க்கிற இடம் அது இல்லை.

3. பழைய ஸ்கேன், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் கொண்டு வாருங்கள்.

4. ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்கள் ஐந்தைந்து எடுத்து ஒரு ஃபைலில் வையுங்கள்.

5. கண்ணாடி, பல்செட்டு, காது மெஷின் இருக்கும் கவரைப் பத்திரமாகக் கைப்பக்கத்திலேயே வைத்திருங்கள், வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மருத்துவரிடம் பேச ஒரே ஆள்

இரண்டாம் நாள் காலை ரவுண்ட்ஸ் முடித்து வந்த மருத்துவரை அண்ணன் கேட்டான். மதியம் சித்தப்பா வேறொரு மருத்துவரைக் கேட்டார். மாலையில் அத்தை மகன் ஒரு நர்ஸிடம் கேட்டான். ராத்திரிக்குள் மூன்று கதைகள் உலவின. "கிட்னி போயிடுச்சாம்" என்று சித்தப்பா அம்மாவிடம் சொல்ல, அம்மா நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். உண்மையில் மருத்துவர் சொன்னது, "கிட்னி கொஞ்சம் டல்லா இருக்கு, டயாலிசிஸ் தேவைப்படுமான்னு ரெண்டு நாள் பார்க்கலாம்" என்பதுதான்.

அன்று இரவே உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். மருத்துவரிடம் பேசுவது அண்ணன் மட்டும். அவன் பேசும்போது பக்கத்தில் நின்று எழுதுவது நான். மற்றவர்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எங்களிடம் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்டு வந்து சொல்வோம். உறவுகளுக்கெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி. அந்தச் செய்தியில் பதற்றமும் சோகமும் வேண்டாம், நடந்தது மட்டும் போதும்: "இன்று காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் தேவை சற்றுக் குறைந்திருக்கிறது. யாரும் வர வேண்டாம், நாளை சொல்கிறோம்."

பேசப் போகிறவர் மூத்த பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பதறாமல் கேட்கத் தெரிந்தவர், கேட்டதைக் கூட்டிக் குறைக்காமல் வந்து சொல்பவர் யாரோ அவர் பேசட்டும். மருமகளாக இருந்தாலும் சரி, கடைக்குட்டியாக இருந்தாலும் சரி. பெயரையும் போன் நம்பரையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு

மருத்துவமனை எதிரில் இருந்த கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தேதி, யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், நாளைக்கு என்ன பார்க்கப் போகிறார்கள். ஐசியு வாசலில் காதில் விழுவது மனதில் தங்காது. பயத்தில் பாதிதான் கேட்கும். எழுதியதை மாலையில் படிக்கும்போதுதான் கேட்க மறந்த கேள்வி ஞாபகத்துக்கு வரும்.

தினமும் கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள்: நேற்றைவிட இன்று மேலா, அதே நிலையா, மோசமா? இப்போது எந்த உறுப்பு கவலை தருகிறது? இன்று என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள்? அடுத்து எதை எதிர்பார்க்கிறீர்கள்?

"எப்போ சரியாகும்?" என்ற கேள்வி தொண்டை வரை வரும். அதற்கு எந்த நல்ல மருத்துவராலும் தேதி சொல்ல முடியாது. மேலே சொன்ன நான்குக்கும் அவர் பதில் சொல்ல முடியும்.

மானிட்டரில் ஓடும் எண்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் ஏறி இறங்கும் எண்ணுக்கு அர்த்தம் குறைவு; ஒரு நாளைக்கும் மறு நாளைக்கும் நடுவே உள்ள போக்குதான் முக்கியம். நோட்டில் இந்த மூன்றை மட்டும் குறித்து வந்தாலே உங்களுக்குப் போக்கு பிடிபடும்:

வென்டிலேட்டரில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன்: நாம் மூச்சுவிடும் காற்றில் 21 சதவீதம். மெஷின் 100 வரை தரும். 80-ல் இருந்தவருக்கு 40 போதும் என்றால் நுரையீரல் தேறி வருகிறது என்று பொருள்.

பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து: நார்அட்ரீனலின் போன்றவை சிரிஞ்ச் பம்ப்பில் சொட்டுச் சொட்டாகப் போகும். அதன் அளவு குறைகிறதா, கூடுகிறதா என்று கேளுங்கள். அந்த மருந்து இல்லாமலே பிரஷர் நிற்கும் நாள் நல்ல நாள்.

சிறுநீர்: கட்டிலுக்கு அடியில் தொங்கும் பையை யாரும் பார்ப்பதில்லை; ஐசியு மருத்துவர் முதலில் பார்ப்பது அதைத்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லியாவது வர வேண்டும். ஐந்தாம் நாள் காலை அண்ணன் வெளியே வந்து, "அப்பா நேத்து ஆயிரத்து இருநூறு போயிருக்காரு" என்றான். பரீட்சை மார்க் சொல்வதுபோல் சொன்னான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கையெழுத்துப் போடும் முன்

ஐசியுவில் அடிக்கடி கையெழுத்துக் கேட்பார்கள். கழுத்து நரம்பில் ஊசி, டயாலிசிஸ், ரத்தம் ஏற்றுவது, மூச்சுக்குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம். உயிர் போகும் அவசரத்தில் தாமதிக்காமல் போட்டுவிடுங்கள். மற்ற நேரங்களில் மூன்று கேள்வி கேட்கலாம்: இது எதற்கு? இதில் என்ன ஆபத்து? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கேட்பது சந்தேகப்படுவதாகாது. பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர்கள் கோபப்படுவதில்லை.

வென்டிலேட்டரில் ஏழு முதல் பதினான்கு நாளுக்கு மேல் போகும்போது, தொண்டையில் சிறு துளை போட்டு அதன் வழியே குழாய் வைக்கலாம் என்ற பேச்சு வரும். டிரக்கியாஸ்டமி என்பார்கள். "கழுத்தை அறுக்கப் போறாங்க" என்று உறவினர் அலறுவார்கள். பயப்பட வேண்டாம். வாய்வழிக் குழாயைவிட நோயாளிக்கு அது உறுத்தல் குறைவு. மயக்க மருந்தைக் குறைக்கலாம். தேறிய பிறகு குழாயை எடுத்துவிட்டால் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டுமென்றால் ரிப்போர்ட் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகள் சொல்கின்றன. எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்வது நல்லது.

உள்ளே போகும் பத்து நிமிடம்

பல இடங்களில் காலையும் மாலையும் ஒருவரைப் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். முதல் தடவை உள்ளே போனபோது நான் அப்பாவைத் தேடினேன். மூன்றாம் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டேன். முகம் வீங்கி, வாயில் குழாய், பல்செட்டு இல்லாமல் கன்னம் ஒட்டி, என் அப்பாவாகவே தெரியவில்லை. முதல் முறை போகிறவர்களிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அம்மாவைத் தனியாக அனுப்பாமல், கூட ஒருவரை விட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகக் கூடாது. உறவினர்கள் திருநீறும் எலுமிச்சம்பழமும் தாயத்தும் கொண்டு வருவார்கள். வேண்டாமென்று முகத்தில் அடித்ததுபோல் சொல்லாதீர்கள். அது அவர்கள் அன்பு. வாங்கி வெளியே வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் துளி இட்டுவிடலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். குழாய்களுக்குப் பக்கத்தில் தூள் எதுவும் பறக்கக் கூடாது. இளநீர், கஞ்சி, கஷாயம் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடும்.

பேசுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நான் யார், இன்று என்ன கிழமை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டுச் செய்தி சொல்லுங்கள். அழுகை வந்தால் வெளியே வந்து அழுங்கள். உள்ளே உட்கார்ந்து சொத்து, கடன், செலவு பேசவே பேசாதீர்கள்.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நாள் அப்பாவின் வாயிலிருந்து குழாயை எடுத்தார்கள். வீடே கொண்டாடியது. மறுநாள் அண்ணன் உள்ளே போனபோது அப்பா அவனைப் பார்த்து, "விசில் எங்கடா? வண்டி கெளம்பிடுச்சு, என்னை எறக்கி விட்டுட்டாங்க" என்று கத்தினார். கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அண்ணன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து குலுங்கினான். மூளை போய்விட்டது என்றே நினைத்தோம்.

ராத்திரி டியூட்டிக்கு வந்த சிஸ்டர்தான் கேட்டார்: "அய்யா கண்ணாடி போடுவாரா? காது நல்லா கேக்குமா?" அம்மா கவரை எடுத்து நீட்டினாள். வலது காது மந்தம் என்பதையும் சொன்னாள். கண்ணாடியை மாட்டி, இடது பக்கம் நின்று சிஸ்டர் பேசினார். கட்டிலுக்கு எதிரே இருந்த கடிகாரத்தைக் காட்டினார். ராத்திரி விளக்கைக் குறைத்தார். அம்மாவைக் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார வைத்தார். ஒரே நாளில் சரியாகிவிடவில்லை; மூன்று நாள் ஆனது. பதினாறாம் நாள் அப்பா அம்மாவைப் பார்த்து, "சாவி எங்க வெச்சே?" என்று கேட்டார். அது எங்கள் வீட்டுச் சாவி.

இதற்கு டெலிரியம் என்று பெயர். ஐசியுவில் இருக்கும் முதியவர்களில் பலருக்கு வருகிறது. தொற்று, மருந்துகள், தூக்கமின்மை, பகலும் இரவும் தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து வரவழைப்பது. பெரும்பாலும் தணிந்துவிடும். அதைத் தணிப்பதில் தெரிந்த முகம், தெரிந்த குரல், கண்ணாடி, காது மெஷின், கடிகாரம் ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அம்மா முதல் நாளே சொன்னது அதைத்தான். நாங்கள்தான் கேட்கவில்லை.

அம்மாவிடம் என்ன சொல்வது

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்பது நம் வீடுகளில் முதலில் எடுக்கப்படும் முடிவு. நல்ல எண்ணம்தான். ஆனால் அம்மா முட்டாள் இல்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடுவாள். உண்மையைவிட மோசமாகவே போடுவாள். சொல்லாமல் விட்டால் அவள் பயத்தைப் பேச ஓர் ஆள் இல்லாமல் போகிறது.

உண்மையைச் சொல்லுங்கள், ஒரு தடவையில் தாங்குகிற அளவு சொல்லுங்கள். "நுரையீரல் இன்னும் சரியாகலம்மா. மெஷின்தான் மூச்சு விடுது. இன்னிக்கு நேத்தைவிட மோசமில்ல." இவ்வளவு போதும். அடுத்துக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளிடமும் அப்படித்தான். "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லி வைத்தால் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

அம்மாவின் மாத்திரையைக் கவனியுங்கள். எங்கள் அம்மா ஆறு நாள் சுகர் மாத்திரை போடவில்லை. "அவர் அங்க கெடக்கும்போது எனக்கென்ன" என்று விட்டுவிட்டாள். ஏழாம் நாள் அவளையும் ஓபி சீட்டு எடுத்துக் காட்ட வேண்டி வந்தது. வெளியே காத்திருப்பவர்களின் மருந்து நேரத்தையும் அந்த நோட்டில் எழுதி வையுங்கள்.

முறை போட்டுக்கொள்ளுங்கள்

ஐசியு காலம் நீண்ட ஓட்டம். முதல் மூன்று நாளில் எல்லோரும் விழித்திருந்தால் நாலாம் நாள் எல்லோரும் விழுவார்கள். இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர், வீட்டுக்கு ஒருவர் என்று பிரியுங்கள். இரவு தங்கியவர் காலையில் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்க வேண்டும். "பரவால்ல, இருக்கேன்" என்று சொல்ல விடாதீர்கள்.

தூரத்தில் இருப்பவருக்கும் வேலை கொடுங்கள். தம்பி துபாயில் தவித்துக்கொண்டிருந்தான். தினமும் பத்து முறை போன் செய்தான். காப்பீட்டு நிறுவனத்தோடு பேசுவது, பில்களைச் சேர்த்துக் கணக்கு எழுதுவது, எட்டு மணிச் செய்தி அனுப்புவது மூன்றையும் அவனிடம் கொடுத்தோம். போன் குறைந்தது. அவன் குற்ற உணர்ச்சியும் குறைந்தது.

"ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்பவர்களிடம் "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லாதீர்கள். ஒருவர் மதியச் சாப்பாடு, ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர், ஒருவர் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது. ரத்தம் தேவை என்றால் 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5-க்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ளவர்கள் தரலாம். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எனவே கூட்டமாக ஒரே நாளில் போகாமல், ரத்த வங்கியில் கேட்டு அவர்கள் சொல்லும் நாளில் ஆள் அனுப்புங்கள்.

பணம்

கூச்சப்படாமல் பேச வேண்டிய விஷயம் இது. மருத்துவமனையில் சேர்த்த அன்றே, ஒரு நாள் ஐசியு செலவு தோராயமாக எவ்வளவு ஆகும், அதில் எதெல்லாம் சேராது என்று கேளுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இடைக்கால பில் வாங்குங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். இலவச எண் 1800 425 3993. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு உடனே விண்ணப்பியுங்கள். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே போய்க் கேளுங்கள்.

தனியார் காப்பீடு இருந்தால் அவசர அனுமதியை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிடுவது பாதுகாப்பு. பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் இருந்தால் மற்ற சில செலவுகளிலும் அதே விகிதத்தில் பிடிக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான முதல் ஒப்புதலை 1 மணி நேரத்திலும், வீடு திரும்பும்போதுள்ள ஒப்புதலை 3 மணி நேரத்திலும் தர வேண்டும். ஒரே சிகிச்சைக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கத் தனியார் மருத்துவமனைக்குச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் நகையை விற்றோ அடகு வைத்தோ பணம் புரட்டினால் அதை வங்கி வழியாகக் கட்டுங்கள்.

அப்பாவின் பென்ஷன் அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. எங்களால் ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. நாமினி என்பவர் இறப்புக்குப் பிறகுதான் வருவார். உயிரோடிருக்கும்போது அவருக்கு உரிமை இல்லை. நோயாளி நினைவோடிருந்து கையெழுத்துப் போட முடியாத நிலை என்றால், கை அல்லது கால் பெருவிரல் ரேகையை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாங்கிப் பணம் தர ரிசர்வ் வங்கி விதி உண்டு. சாட்சிகளில் ஒருவர் வங்கி அலுவலர். கிளை மேலாளரைப் போய்ப் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அம்மாவைக் கணக்கில் சேர்த்து, இருவரில் எவரும் எடுக்கலாம் என்று மாற்றினோம்.

யாரும் கேட்க விரும்பாத கேள்வி

ஏழாம் நாள் மருத்துவர் எங்களை உள்ளறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இன்னும் மோசமானா எவ்வளவு தூரம் போகணும்? அவர் இதைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காரா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் "எல்லாம் பண்ணுங்க" என்றான். சித்தப்பா "கஷ்டப்படுத்தாதீங்க" என்றார். இருவரும் வெளியே வந்து சண்டை போட்டார்கள். இருவருமே தங்கள் பயத்தைப் பேசினார்கள். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அந்த அறைக்குள் போகும் நாள் உங்களுக்கும் வந்தால், கேள்வியை மாற்றிப் போடுங்கள். "நாம் என்ன செய்யலாம்?" என்பதற்குப் பதில், "அவர் இங்கே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார்?" என்று கேளுங்கள். மருத்துவரிடம், "சிகிச்சை பலன் தந்தால் அவர் எப்படிப்பட்ட வாழ்க்கைக்குத் திரும்புவார்?" என்று கேளுங்கள். முடிவெடுக்க ஒரு நாள் அவகாசம் கேட்கலாம். ஓர் உறுப்புக்குச் சிகிச்சையை இத்தனை நாள் முயன்று பார்ப்போம், பிறகு மறுபடி பேசுவோம் என்றும் முடிவு செய்யலாம்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. தேற வழியில்லாத நிலையில் உயிர் காக்கும் கருவிகளை நிறுத்தவும், அதற்கான விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கவும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அனுமதித்தது. 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி அல்லது கெஜட்டட் அலுவலரின் சான்று பெற்றால் போதும். நிறுத்துவது என்று வரும்போது மருத்துவமனையில் இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதி வைக்காதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. கருவியை நிறுத்துவதால் கவனிப்பு நிற்பதில்லை. வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை கடைசி வரை தொடர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு

அப்பா 23-ஆம் நாள் வீட்டுக்கு வந்தார். 11 கிலோ குறைந்திருந்தார். தம்ளரைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. ஐசியுவிலிருந்து வந்தவர் உடனே பழையபடி ஆகிவிட மாட்டார். தசை வற்றிப் போயிருக்கும், கெட்ட கனவு வரும், எரிச்சல் வரும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் தருகிறார்கள்; பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

தேறிய பிறகு ஒரு மாலை, திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவிடம் கேட்டுவிட்டேன். மறுபடி இப்படி ஆனால் என்ன செய்யட்டும் என்று. அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "அந்தக் கொழா மட்டும் வேணாம்மா. மூச்சு முட்டாம பாத்துக்க. வீட்ல வெச்சுக்க" என்றார். அதை நோட்டின் பின் அட்டையில் எழுதினேன். அவரே கீழே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து நுரையீரல் மறுபடி தளர்ந்தது. மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை அண்ணன் நோட்டை எடுத்துக் காட்டினான். யாரும் சண்டை போடவில்லை. வீட்டில் ஆக்சிஜன் வைத்தோம். மூச்சுத்திணறல் தணிய மருத்துவர் சிறு அளவில் மார்ஃபின் தந்தார். ஒன்பது நாள் இருந்தார். கண்ணாடி கடைசி வரை முகத்திலேயே இருந்தது.

இன்றே எழுத வேண்டிய பக்கம்

உங்கள் அப்பா இப்போது நலமாகத்தான் இருப்பார். இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தை எழுதுங்கள். அவரையே பக்கத்தில் உட்கார வைத்து எழுதினால் இன்னும் நல்லது. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தை மாதிரிக்காகத் தருகிறேன். ஐசியு சிஸ்டர் கேட்டபோது இதைத்தான் கிழித்துக் கொடுத்து, கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொன்னோம்.

கண்ணாடி போடுவார். இல்லாவிட்டால் யாரையும் அடையாளம் தெரியாது.
வலது காது மந்தம். இடது பக்கம் நின்று பேசவும்.
பல்செட்டு மேல்வரிசை மட்டும்.
சல்ஃபா மருந்து ஒத்துக்காது.
மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். எங்களிடம் சொல்லவில்லை.
36 வருடம் கண்டக்டர். "கண்டக்டர் சார்" என்று கூப்பிட்டால் திரும்புவார்.
குளிர் தாங்கமாட்டார். காலை மட்டுமாவது போர்த்தி விடவும்.